பாஸ்பேட்டிங்: இது பூச்சா, படலமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் பவுடர் கோட்டிங் போடுற பட்டறைல "முதல்ல பாஸ்பேட்டிங் பண்ணணும், அப்பத்தான் பெயிண்ட் நிக்கும்"னு சொல்லுவாங்க. துப்பாக்கி பாகங்களைப் பத்தி எழுதுறவங்க இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலையை பார்க்கரைசிங்னு எழுதுவாங்க. விஷயம் ரெண்டுலயும் ஒண்ணுதான், துத்தநாகமோ மாங்கனீசோ கலந்த பாஸ்பாரிக் அமிலக் கரைசல்ல இரும்பை முக்கி எடுத்து அதோட மேல்பரப்பை தண்ணில கரையாத பாஸ்பேட் படிகமா மாத்துறது.

பாஸ்பரஸ்ங்கிறது கிரேக்கச் சொல், ஒளியைத் தாங்கி வர்றதுன்னு அர்த்தம், அவங்க விடிவெள்ளியைத்தான் அப்படி கூப்பிட்டாங்க. 1669-ல ஹாம்பர்க்ல ஹென்னிக் பிராண்ட்ங்கிறவர் சிறுநீரைக் காய்ச்சி எடுத்த பொருள் இருட்டுல மின்னுச்சு, அதனால அதுக்கு இந்தப் பேர் வந்துச்சு. அந்த பாஸ்பரஸ் ஆக்சிஜனோட சேர்ந்து உண்டாகிற உப்புதான் பாஸ்பேட், ஆனா இது மின்னாது, இரும்பு மேல வெறும் சாம்பல் நிறமாத்தான் இருக்கும். இலங்கைத் தமிழ்ல பொசுபேற்றுன்னு எழுதுவாங்க. பார்க்கரைசிங்ல இருக்கிறது ஆள் பேர். இங்கிலாந்துல தாமஸ் காஸ்லெட் 1906-ல இந்த முறைக்கு காப்புரிமை எடுத்தார், அமெரிக்காவுல அந்த உரிமையை வாங்கின பார்க்கர் குடும்பம் 1915-ல டெட்ராய்ட்ல கம்பெனி ஆரம்பிச்சாங்க, அவங்க பேரே வேலைக்குப் பேராயிடுச்சு.

இப்ப தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பாஸ்பேட் பூச்சுன்னு எழுதுறதைப் பாத்திருப்பீங்க, எனக்கு அது சரியாவே படல. பூச்சுன்னா வெளியிலேர்ந்து ஒண்ணைக் கொண்டுவந்து மேல தடவுறது, சுண்ணாம்பு பூசுற மாதிரி. முலாமும் பொருந்தாது, அது ஒரு உலோகத்து மேல இன்னொரு உலோகத்தை ஏத்துறது, அரபு, உருது வழியா வந்த சொல்லும் கூட. பாஸ்பேட்டிங்ல நடக்கிறதே வேற, அமிலம் இரும்போட மேல்தோலை கொஞ்சம் கரைக்குது, ஹைட்ரஜன் குமிழ் குமிழா வருது, இரும்பை ஒட்டி இருக்கிற இடத்துல மட்டும் அமிலத்தன்மை குறைஞ்சு போறதால கரைசல்ல இருந்த பாஸ்பேட் அங்கயே படிகமா இறுகிடுது. பொருள்ல பெரும்பகுதி கரைசல்லேர்ந்து, கொஞ்சம் அந்த இரும்புலேர்ந்தே. அதனால படலம்ங்கிறதுதான் சரி. பாஸ்பேட் படலம், படலம் ஏத்துறது, படலம் பிடிச்சிருக்கு, பேச்சுலயும் லேசா உக்காருது. டெல்லி குதுப் வளாகத்து இரும்புத் தூணையே எடுத்துக்கோங்க, 1600 வருஷமா நிக்குது, அதுல யாரும் எதையும் பூசல. இரும்புக்குள்ளயே பாஸ்பரஸ் அதிகம், அது மேல தானா பாஸ்பேட் படலம் உண்டாயிருக்குன்னு கான்பூர் ஐஐடி பாலசுப்ரமணியம் ஆய்வு பண்ணி எழுதியிருக்கார்.

துருவுக்கு மலையாளத்துல துரும்புன்னு சொல்லுவாங்க, நமக்கு துரும்புன்னா வைக்கோல் துணுக்கு. அதனால எல்லை தாண்டி பாறசாலைல ஹார்ட்வேர் கடைக்காரர் "துரும்பு போகும்"னு டப்பாவை நீட்டினா குழம்பாதீங்க, துரு எடுக்கிற மருந்தைத்தான் சொல்றார். ஆனா அது பெரும்பாலும் வெறும் பாஸ்பாரிக் அமிலம், துருவை மாத்தி மெல்லிசா ஒரு படலம் தரும், பெயிண்டுக்கு அடியில போதும், உண்மையான துத்தநாக பாஸ்பேட் அளவுக்கு கெட்டியா வராது.

வீட்டுல பண்ணணும்னா கீல், போல்ட், சைக்கிள் பாகம் மாதிரி சின்னதுல ஆரம்பிங்க. எண்ணெய்ப் பிசுக்கு துளி கூட இருக்கக்கூடாது, இருந்தா அந்த இடத்துல படிகம் பிடிக்காம திட்டுத் திட்டாத் தெரியும். துருவை சுரண்டி எடுத்து, கழுவி, கைபடாம கரைசல்ல இறக்கணும். மாங்கனீசு வகைன்னா 88லேர்ந்து 99 டிகிரி செல்சியஸ் சூடு வேணும், பாத்திரம் எவர்சில்வரா இருக்கணும், அலுமினியத்தை அமிலம் தின்னுடும். வர்றது ஹைட்ரஜன், அதனால சமையல்கட்டுல கேஸ் அடுப்புல வேண்டவே வேண்டாம், வெளில திறந்த இடத்துல கரண்ட் அடுப்பு வச்சு, கையுறை, கண்ணாடி போட்டு பண்ணுங்க, தண்ணிலதான் அமிலத்தை ஊத்தணும், அமிலத்துல தண்ணியை ஊத்தக்கூடாது. குமிழ் அடங்குனா படலம் பிடிச்சிடுச்சுன்னு அர்த்தம். கழுவி, காயவச்சு, மேல பெயிண்ட் அடிக்கப் போறதில்லன்னா உடனே எண்ணெய் தடவணும், இதை விட்டுட்டா மொத்த வேலையும் வீண், ஏன்னா இந்தப் படலம் பொடிப்பொடி துளை உள்ளது, எண்ணெயையோ பெயிண்டையோ பிடிச்சு வச்சுக்கிறதுதான் அதோட வேலையே. நம்ம கடல் காத்துல எண்ணெயோ பெயிண்டோ இல்லாத படலம் சீக்கிரமே துருப்பிடிச்சிடும்.

ரப்பர் பால் வெட்டுற கத்திக்கு போடலாமான்னா, கூர் பக்கத்துக்கு வேண்டாம், அமிலம் கூரைத் தின்னுடும், மறுபடி தீட்டுனா படலமும் போயிடும். காய் நறுக்குற கத்திக்கும் வேண்டாம். எவர்சில்வர் பொருளுக்கு போட்டாலும் பிடிக்காது, அதுல ஏற்கனவே குரோமியம் ஆக்சைடு படலம் இருக்கு.