தோய்கூத்து: 'இம்மெர்சிவ் தியேட்டர்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பொழுது சாயும் நேரம். காட்டுப் பாதையில் ஒரு சிறு குழு நடக்கிறது. மேடை கிடையாது, நாற்காலி கிடையாது. மரத்துக்குப் பின்னாலிருந்து விண்வெளி உடையில் ஒருத்தி வந்து, உங்கள் கையைப் பிடித்து, "எந்த ஆண்டிலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்கிறாள். நீங்கள் பதில் சொன்னால்தான் கதை நகரும். இப்படிப்பட்ட நிகழ்வைத்தான் 'இம்மெர்சிவ் தியேட்டர்' என்கிறார்கள்.

முதல் சொல்லுக்கு வேர் லத்தீன் 'மெர்கெரே'. முக்குதல், அமிழ்த்துதல் என்று பொருள். 'தியேட்டர்' கிரேக்கத்தின் 'தியாட்ரான்', அதாவது பார்க்கும் இடம். பார்ப்பவர் எட்ட நிற்பவர். அமிழ்ந்தவர் உள்ளே இருப்பவர். இரண்டும் ஒட்டாத சொற்கள். அந்த ஒட்டாமையில்தான் இந்தக் கலைக்கு உயிர் இருக்கிறது.

1960களின் இறுதியிலேயே நியூயார்க்கில் நாடக இயக்குநர் ரிச்சர்ட் ஷெக்னர் நடிப்பிடத்தையும் பார்ப்பிடத்தையும் கலந்துவிட்டார். அவர் வைத்த பெயர் 'என்விரான்மென்டல் தியேட்டர்', அதாவது சூழல் நாடகம். 'இம்மெர்சிவ்' என்ற அடைமொழி நாடகத்தில் பரவியது பிரிட்டனில் 2000இல் தொடங்கிய பஞ்ச்டிரங்க் குழுவுக்குப் பிறகு. பார்க்க வந்தவர்களுக்கு முகமூடி மாட்டிக் கட்டடம் முழுக்க அலையவிட்ட குழு அது. அறிபுனைக்கும், அதாவது அறிவியல் புனைவுக்கும், நாடகத்துக்கும் உறவு இன்னும் பழையது: 'ரோபோ' என்ற சொல்லே காரெல் சாபெக் 1920இல் வெளியிட்ட செக் நாடகம் தந்ததுதான்.

காடு அறிபுனைக்கு வாகான இடம். அடிமரத்தில் ஒரு பச்சை விளக்கை மறைத்து வைத்தாலே போதும், அது வேற்றுக்கோள் ஆகிவிடும். ஆனால் இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் யாராவது கைப்பேசித் திரையைத் திறந்தால் அத்தனையும் போச்சு.

இனி தமிழ். 'மூழ்கு அரங்கு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் இரண்டு குறை தெரிகிறது. தமிழில் கப்பல் மூழ்கும், கடனில் குடும்பம் மூழ்கும். மீளாமை அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். 'அரங்கு' என்பதோ அளந்து கட்டிய மேடை. சிலப்பதிகாரம் அதற்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவே சொல்கிறது. காட்டுக்கு அது பொருந்தாது.

'தோய்' பொருந்தும். துணி சாயத்தில் தோய்கிறது; எடுத்த பிறகும் சாயம் துணியில் நிற்கிறது. மேடை இல்லாமலும் நடக்கக்கூடியது கூத்து. இரண்டையும் சேர்த்தால் 'தோய்கூத்து'. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. தோய்ந்த, தோய்கின்ற, தோயும் என மூன்று காலமும் அடங்கும். காட்டில் நடக்கும் அறிபுனை நிகழ்வை 'அறிபுனைத் தோய்கூத்து' எனலாம். இடத்தையும் சொல்ல வேண்டுமானால் முன்னே 'கானக' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அறிவிப்பில் 'பார்வையாளர்' என்று போடாமல் 'பங்கேற்பாளர்' என்றே போடுங்கள். நடக்க வேண்டியிருக்கும், பேச வேண்டியிருக்கும் என்பது வருகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.