பாலைவனச் சூடு இழுப்புக்கு மருந்தல்ல

"இங்கே உள்ள குளிராலதான் டொக்டர் இழுப்பு வருது, குவைத்துக்குப் போனா அந்தச் சூட்டுக்கு எல்லாம் சரியாப் போயிடும்" என்ற பேச்சை, மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வருவோரிடம் தொடர்ந்து கேட்டு வருகிறேன். அப்படி நம்பிப் போய், ஒப்பந்தம் முடியும் முன்பே மூச்சு வாங்க வாங்கத் திரும்பி வந்த இன்னொரு பெண்ணைக் கடந்த கிழமை பரிசோதித்த பிறகு, இதை எழுதாமல் இருக்க மனம் இடம் கொடுக்கவில்லை. அவருடைய கைப்பையில் இருந்தவை, மூச்சுக்கு இழுக்கும், வெறுமையாகிப்போன ஒரு நீல நிற பம்ப்பும் பாதி குடித்த இருமல் பாணிப் போத்தலும் மட்டுமே. தினமும் இழுக்க வேண்டிய கபில நிற பம்ப்பை, இனித் தேவைப்படாது என்று தோட்டத்து லய வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

இழுப்பு, அதாவது ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உட்சுவரில் நிலைத்திருக்கும் அழற்சி. குளிர் அதைத் தூண்டிவிடும் பல காரணங்களுள் ஒன்று மட்டுமே. நம் லயங்களில் குளிரோடு சேர்ந்து, சுவரின் ஈரத்தில் படரும் பூஞ்சணமும், புகைபோக்கி இல்லாத அடுப்பின் விறகுப் புகையும் அதே வேலையைச் செய்கின்றன. ஊரை விட்டுப் போனதும் இவை விலகுவதால் சிலருக்கு முதல் சில மாதங்கள் இலேசாக இருக்கக்கூடும். அந்தச் சில மாதங்களின் சுகத்தைத்தான் அவர்கள் ஊருக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள், அதைக் கேட்டு அடுத்தவரும் பம்ப்பை நிறுத்திவிடுகிறார். தூண்டும் பொருள் மாறியதே தவிர, அழற்சி எங்கும் போய்விடவில்லை.

குவைத்தின் காற்றை அறிந்தவர் எவரும் அதை நெஞ்சுக்கு நல்லது என்று சொல்லமாட்டார். 2016 ஜூலையில் அந்நாட்டின் மித்ரிபாவில் 53.9 பாகை செல்சியஸ் பதிவானது. ஜூன், ஜூலை மாதங்களில் 'ஷமால்' என்னும் வடமேற்குக் காற்று, தெற்கு ஈராக்கின் வறண்ட நிலங்களிலிருந்து நுண்ணிய புழுதியை அள்ளிக்கொண்டு வருகிறது. வசந்த காலப் புழுதிப்புயல்களும் கடுமையானவை: 2022 மே மாதத்தில் குவைத் விமான நிலையமே சேவையை இடைநிறுத்த நேர்ந்தது, அயல்நாடான ஈராக்கில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். அஹ்மதி, ஷுஐபா பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் போன்றவற்றிலிருந்து வெளியேறும் கந்தக வாயு, ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களிலேயே இறுக்கக்கூடியது. குளிர்காலத்தில் ஆபத்து நீங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். இரவில் பாலைநிலம் விரைவாகக் குளிர, அதன்மேல் வெப்பக் காற்று மூடியாகப் படிந்து, ஆலைப் புகையையும் வாகனப் புகையையும் கீழேயே நிறுத்தி வைக்கிறது. மார்கழி விடியலில் நம் பள்ளத்தாக்கு லயங்களின் அடுப்புப் புகை மேலே போகாமல் கூரையோடு நிற்பதும் இதே காரணத்தால்தான்.

வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களுக்கு வீட்டுக்குள்ளும் இடர் உண்டு. புயல் ஓய்ந்ததும் ஜன்னல் விளிம்பிலும் விரிப்பிலும் மாவு போலப் படிந்த புழுதியை வெறும் துடைப்பத்தால் கூட்டினால், அது அப்படியே எழும்பி நெஞ்சுக்குள் போகும். ஈரத்துணியால் துடையுங்கள். குளோரெக்ஸ் போன்ற ப்ளீச் திரவத்தையும் மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், அதிலிருந்து எழும் குளோரின் வாயு நல்ல நுரையீரலையே தாக்கிவிடும். ஏசிக்காக மூடிய அறையில் பகூர் என்னும் அரபு நறுமணப் புகை போடும்போது இருமல் வந்தால், அதை மறைத்துக்கொண்டு நிற்காமல் வீட்டு எஜமானியிடம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கட்டட வேலைக்குப் போகும் தம்பிமாரே, ஜூன் முதலாம் திகதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை வெயிலில் வேலை வாங்க அங்கே சட்டப்படி தடை உண்டு. புழுதி நாளில் முகத்தில் துணியைக் கட்டுவது போதாது, என்95 முகக்கவசம் வேண்டும்.

மெடிக்கலில் மறைத்துவிடு, பம்ப்பைக் கண்டால் விசா கிடைக்காது என்று சப் ஏஜென்ட் சொல்வதைக் கேட்டு, நோயையும் மருந்தையும் சேர்த்தே மறைப்பவர்கள்தான் எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறார்கள். அந்த ஏஜென்ட் பயணத்துக்குக் காசு வாங்குபவர், நள்ளிரவில் மூச்சு அடைக்கும்போது பக்கத்தில் இருக்கமாட்டார். கட்டுப்பாட்டில் உள்ள ஆஸ்துமாவோடு எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள், ஆனால் கட்டுப்பாடு என்பது கபில நிற பம்ப்பைத் தினமும் இழுப்பதால் மட்டுமே வருகிறது. நீல நிறத்தது முட்டு வரும்போது ஆறுதல் தருமே அன்றி, அழற்சியைத் தணிக்காது. அது அடிக்கடி தேவைப்படத் தொடங்கினால் நோய் கைமீறுகிறது என்று பொருள்.

தயவுசெய்து, புறப்பட ஒரு மாதம் இருக்கும்போதே கிளினிக் கொப்பியோடு வாருங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் எழுதி, மருந்துகளின் பெயருடன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தருவோம். அதையும் மருந்தையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம். ஒரு வசனம் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, விடியும்வரை காத்திராமல் அங்கே 112ஐ அழையுங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்ல எஜமானர் மறுத்தால், ஊரிலுள்ள உங்கள் குடும்பத்தார் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்குப் பேசலாம். அந்த இலக்கத்தைப் புறப்படும் முன்பே அம்மாவிடமோ அக்காவிடமோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.