வாடிக்கையாளர் கேட்ட கேள்விதான் உங்கள் அடுத்த வீடியோ

சிறுதொழில் செய்பவர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பதும், அவர்களே எடுக்கும்படி பழக்கிவிடுவதும் என் வேலை. கேமரா முன்னால் வருகிற கூச்சம், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் சில முறை எடுத்தால் சரியாகிவிடும். சரியாகாமல் நிற்பது ஒரே ஒரு கேள்விதான்: "அடுத்து எதைப் பற்றிப் பேசுவது?"

பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் வீடியோவில் கடையைச் சுற்றிக் காட்டுவார்கள். அடுத்ததில் தள்ளுபடி அறிவிப்பு. அப்புறம் புதிதாக வந்த மாடல்கள். அதோடு சொல்ல ஒன்றும் இல்லை என்று தோன்றிவிடும். ஐடியா தேடி மற்றவர்களின் ரீல்ஸைப் பார்க்க உட்காருவார்கள். வெகுநேரம் கழித்து எழும்போது ஐடியா கிடைத்திருக்காது, 'நம்மால் இப்படியெல்லாம் எடுக்க முடியாது' என்ற சோர்வுதான் மிஞ்சியிருக்கும். தொழிலைக் கரைத்துக் குடித்த பலர் இந்த இடத்தில்தான் வீடியோவையே கைவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். அவர்களிடம் பேச எவ்வளவோ இருக்கிறது, தேடுகிற இடம்தான் சரியில்லை.

தேட வேண்டிய இடம் வாடிக்கையாளரின் வாய். போனிலும், நேரிலும், வாட்ஸ்அப்பிலும் அவர்கள் உங்களிடம் தினமும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பல வருடமாகப் பதில் சொல்லிப் பழகியதால் உங்களுக்கு அது கேள்வியாகவே தெரிவதில்லை. 'இதுகூடவா தெரியாது, இதைப் போய் வீடியோவாகப் போடுவதா' என்று நினைப்பீர்கள். ஒருவர் தயக்கத்தை விட்டு நேரில் கேட்டார் என்றால், கேட்காமலே போனில் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

அதனால் நான் முதலில் கொடுக்கும் வேலை கேமரா சம்பந்தப்பட்டதே இல்லை. ஒரு நோட்டு வாங்குங்கள், அல்லது போனில் ஒரு குறிப்பைத் திறந்து வையுங்கள். ஒரு வாரத்துக்கு, வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் கேட்ட அதே வார்த்தைகளில் எழுதுங்கள். அதே வார்த்தைகள் என்பது முக்கியம். தச்சர் ஒருவர் இதைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஈரப்பதத்தால் மரத்தில் ஏற்படும் விரிவு' என்று எழுதினால் அது அவருடைய பாஷை. வாடிக்கையாளர் கேட்டது, "மழை வந்தாலே கதவு இறுகிப்போகுதே, ஏன்?" என்பது. யூடியூபிலும் மக்கள் அப்படித்தான் தேடுவார்கள். தலைப்பும் அதுதான், வீடியோவில் நீங்கள் பேச வேண்டிய முதல் வரியும் அதுதான்.

இந்த ஒரு கேள்வியைப் பிரித்துப் பாருங்கள். மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நார் ஓடும் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, குறுக்குவாக்கில்தான் விரியும். அதனால்தான் கதவின் அகலம் கூடி நிலையில் போய் இடிக்கிறது. இது ஒரு வீடியோ. இறுகிய கதவை உடனே இழைத்துவிடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா? ஈரமான பருவத்தில் அதிகமாக இழைத்துவிட்டால் காய்ந்த பருவத்தில் இடைவெளி விழும். இது இன்னொரு வீடியோ. கதவின் முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் பெயின்ட் அடித்துவிட்டு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அந்த வழியாக ஈரம் உள்ளே போகிறது. அதைக் கையால் தொட்டுக் காட்டினால் மூன்றாவது. நன்றாகக் காய்ந்த மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, பிளைவுட் கதவுக்கு ஏன் இந்தத் தொல்லை குறைவு என்று மேலும் போகலாம். ஒரு வாடிக்கையாளர் வாசலில் நின்றபடி கேட்ட ஒற்றை வாக்கியத்தில் இத்தனை இருந்தது.

கேள்விகளில் ஒரு வகையை எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எவ்வளவு ஆகும், இதில் என்ன குறை, மற்றதோடு ஒப்பிட்டால் எது நல்லது என்கிற கேள்விகள். வாங்க முடிவெடுக்கப்போகிறவர் கேட்பதே இவற்றைத்தான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ரிவர் பூல்ஸ் அண்ட் ஸ்பாஸ் என்று நீச்சல் குளம் அமைக்கும் சிறிய நிறுவனம் இருந்தது. 2008 பொருளாதார நெருக்கடியில் அது மூடும் நிலைக்குத் தள்ளப்பட்டது. அதன் பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் 2009 முதல் நிறுவனத்தின் இணையதளத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். ஃபைபர்கிளாஸ் குளத்துக்கு எவ்வளவு செலவாகும், அதில் என்னென்ன பிரச்சினை வரும் என்று, அந்தத் தொழிலில் மற்றவர்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்கிய விஷயங்களையே எழுதினார். நிறுவனம் மீண்டு எழுந்தது. அவர் செய்தது எழுத்தில்தான் என்றாலும், வீடியோவுக்கும் இது அப்படியே பொருந்தும். சரியான தொகையைச் சொல்ல முடியாத தொழிலாக இருந்தால், தொகை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்று விளக்குங்கள். அது போதும். உங்கள் பொருள் யாருக்கு ஒத்துவராது என்று நீங்களே சொன்னால், ஒத்துவருகிறவர்கள் உங்களை நம்புவார்கள்.

இரண்டாவது ஊற்று, உங்கள் பட்டறையில் தினமும் நடக்கிற வேலை. மிக்ஸி போன்ற அரைக்கும் கருவியான பிளென்டரைத் தயாரிக்கும் பிளெண்டெக் நிறுவனத்தில் 2006இல் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மார்க்கெட்டிங் பொறுப்புக்குப் புதிதாக வந்த ஜார்ஜ் ரைட், தொழிற்சாலைத் தரையில் மரத்தூள் கிடப்பதைக் கவனித்தார். நிறுவனர் டாம் டிக்சன் தன் பிளென்டரின் வலுவைச் சோதிக்க மரக்கட்டைகளைப் போட்டு அரைப்பது வழக்கம் என்று தெரியவந்தது. அந்தச் சோதனையையே படம்பிடித்து யூடியூபில் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஐபோனையே அரைத்துக் காட்டினார்கள். அந்த நிறுவனத்தை உலகம் அறிந்தது அந்த வீடியோக்களால்தான். டிக்சனுக்கு அது வழக்கமான சோதனை. வெளியிலிருந்து வந்த ஒருவர் கண்ணுக்குத்தான் அது ஆச்சரியமாகப் பட்டது. உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை அரை நாள் உங்கள் பட்டறையில் உட்காரவைத்து, அவர் எங்கெல்லாம் "இது என்ன?" என்று கேட்கிறார் என்று கவனியுங்கள்.

கேள்விகள் சேர்ந்த பிறகு யூடியூபின் தேடல் பெட்டிக்குப் போங்கள். உங்கள் பொருளின் பெயரை அடித்து நிறுத்தினால், மக்கள் தேடும் சொற்றொடர்கள் கீழே வரிசையாக வரும். உங்கள் நோட்டில் இருப்பதும் அங்கே வருவதும் ஒத்துப்போனால் அதை முதலில் எடுங்கள். எந்தச் சொல் எப்போது அதிகம் தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் தளத்தில் யூடியூப் தேடலை மட்டும் தனியாகப் பார்க்கும் வசதி உண்டு. ஒரு கேள்வி எந்த மாதத்தில் அதிகம் தேடப்படுகிறது என்பது அதில் தெரியும், கதவு வீடியோவை மழைக்கு முன்பே போடலாம்.

வீடியோக்கள் வெளிவந்த பின், உங்கள் சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரைகோடு இருக்கும், பார்ப்பவர்கள் எந்த நொடிவரை இருந்தார்கள் என்று காட்டுவது. எல்லோரும் மொத்தப் பார்வை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். இந்தக் கோட்டைப் பாருங்கள். ஓரிடத்தில் அது மேலே எழும்பினால், அந்தப் பகுதியை மக்கள் தேடிப் போயோ திரும்பவோ பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயமாக அது இருக்கும். அதைத் தனி வீடியோவாக எடுக்கலாம்.

போன், மைக், விளக்கு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருக்கிற போன் போதும், முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். நீளத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். 2024 அக்டோபர் முதல் யூடியூப் ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போகலாம், 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் 3 நிமிடத்துக்கு வந்துவிட்டது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அது தாராளம்.

ஐடியா பஞ்சத்தில் சிலர் போகும் தவறான வழிகளையும் சொல்ல வேண்டும். டிரெண்டில் இருக்கும் சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவது அதில் முதலாவது. தனிநபர் கணக்கில் அனுமதிக்கப்படும் பாட்டுக்கு வணிக விளம்பரத்தில் அனுமதி இருப்பதில்லை. வீடியோ முடக்கப்படலாம், உரிமையாளர் வழக்கும் போடலாம். யூடியூபின் ஆடியோ லைப்ரரி, இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷன் என்று இலவச இசைத் தொகுப்புகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். தெரிந்தவர்களை வாடிக்கையாளர் போல நடிக்கவைத்துப் பாராட்டச் சொல்வது இன்னொன்று. எவ்வளவு நெருக்கடியிலும் அதைச் செய்யாதீர்கள். அது பொய், வெளியே தெரிந்தால் நீங்கள் உண்மையாகச் சொன்னதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நிஜ வாடிக்கையாளரின் முகத்தையோ வீட்டையோ காட்டுவதென்றால் முன்கூட்டியே கேட்டு, எங்கெல்லாம் போடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லி, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தாலும் போதும். பின்னால் அவர் எடுத்துவிடச் சொன்னால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

எடுத்த வீடியோவைப் போட்டுவிட்டுப் பார்வைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே கேள்வியோடு அடுத்தவர் போன் செய்யும்போது, பதிலைச் சுருக்கமாகச் சொல்லி அந்த லிங்க்கை அனுப்புங்கள். விலை விசாரிக்கிறவருக்கு மதிப்பீட்டோடு சேர்த்து அனுப்புங்கள். வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பராமரிப்பு வீடியோவை அனுப்புங்கள். ஐம்பது பேர் மட்டுமே பார்த்த வீடியோவாக இருக்கட்டும், அந்த ஐம்பது பேரும் உங்களிடம் வேலை கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் என்றால் அது நன்றாக வேலை செய்கிற வீடியோதான். பார்த்துவிட்டு வருகிறவர்களின் பேச்சும் மாறியிருக்கும். கதவு ஏன் இறுகுகிறது என்று அவர்கள் கேட்பதில்லை, தங்கள் வீட்டுக் கதவின் அளவைச் சொல்லி, எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று கேட்கிறார்கள்.