இந்த லேபிள் செதுக்கி அச்சிட்டதா? டார்ச்சும் அலுமினியத் தாளும் போதும்

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். "சார், தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடைத்தவை. தபால்தலை மாதிரி ஓரத்தில் பல் இருக்கிறது. ஆனால் நாட்டுப் பெயரும் இல்லை, விலையும் இல்லை. பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் காட்டினேன். கடைக்காரர் மூன்றும் எங்ரேவிங், அதாவது செதுக்கு அச்சு என்கிறார், நம்பலாமா?"

மூன்றையும் நம்ப வேண்டாம். ஒன்றுக்கு வாய்ப்பு இருக்கிறது.

இவற்றைப் போஸ்டர் ஸ்டாம்ப் என்பார்கள். சுவரொட்டியைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிய விளம்பரம். சோப்பு, சாக்லேட், கப்பல் பயணம், கண்காட்சி என்று எதற்கும் அச்சடித்தார்கள். கடைகளில் இலவசமாகக் கொடுப்பார்கள், கடித உறையில் ஒட்டுவார்கள், பிள்ளைகள் ஆல்பத்தில் சேர்ப்பார்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய சில ஆண்டுகளில் ஐரோப்பாவில், அதிலும் ஜெர்மனியில், இந்த மோகம் உச்சத்தில் இருந்தது. இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்கு யார் அதிகம் செலவழிப்பார்கள்? பெரும்பாலானவை லித்தோ அச்சு, அதாவது தட்டையான பரப்பிலிருந்து எடுக்கும் அச்சு. எஃகில் கையால் செதுக்கி அச்சிடும் வேலை பணநோட்டு, பங்குப் பத்திரம், தபால்தலை அச்சிடும் நிறுவனங்களிடம்தான் இருந்தது. தங்கள் திறமையைக் காட்ட அவர்களே மாதிரி லேபிள்கள் அச்சிட்டதும் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால்தலைகளைச் செதுக்கிய செஸ்லாவ் ஸ்லானியா, குத்துச்சண்டை வீரர்களின் முகங்களைத் தபால்தலை அல்லாத லேபிள்களாகவும் செதுக்கினார். ஆக, செதுக்கிய லேபிள் உண்டு, ஆனால் அரிது. அதனால்தான் விற்பவர்களுக்கு அந்தச் சொல் மேல் அவ்வளவு பிரியம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? அச்சு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மீதி தானாக வரும்.

மேட்டு அச்சு உங்களுக்குத் தெரியும்: ரப்பர் முத்திரை போல மேடான இடத்தில் மை, அழுத்தினால் படம். லித்தோவில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை. எண்ணெயும் நீரும் சேராது என்பதை வைத்துத் தட்டையான பரப்பிலேயே மை பிடிக்கும் இடத்தையும் பிடிக்காத இடத்தையும் பிரிக்கிறார்கள். செதுக்கு அச்சு இந்த இரண்டுக்கும் நேர் எதிர். அங்கே மை பள்ளத்தில் இருக்கிறது.

பியூரின் என்ற சிற்றுளியால் செம்பிலோ மென்மையான எஃகிலோ கோடு கீறுகிறார்கள். கோடு வளைய வேண்டுமென்றால் பெரும்பாலும் கை வளைவதில்லை, தகட்டைத்தான் திருப்புகிறார்கள். உளியின் முனை கூர்மை என்பதால் பள்ளம் 'வி' வடிவத்தில் விழும். ஆழமாக அழுத்தினால் கோடு அகலமாகவும் ஆகிவிடும். பிறகு தகடு முழுக்கக் கெட்டியான மையைப் பூசி, அப்படியே துணியால் துடைத்துவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தத் துடைப்புதான். பூசியதைத் துடைத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கொத்திய அம்மியில் மஞ்சள் அரைத்துவிட்டுத் துணியால் துடைத்துப் பாருங்கள். கல் சுத்தமாகத் தெரியும், குழிகளில் மட்டும் மஞ்சள் உட்கார்ந்திருக்கும். துணி குழியின் இரு கரைகளையும் தொட்டுக்கொண்டு மேலோடு போய்விடுகிறது, அடியை எட்டுவதில்லை. மையும் தண்ணீர் போல ஓடும் பொருளல்ல. களிம்பு போன்றது, ஓரளவு தள்ளுவிசை கிடைக்காமல் அசையாது. அதனால் குறுகிய பள்ளத்தில் பத்திரமாகத் தங்கிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு பெரிய விஷயம் பிறக்கிறது. பள்ளம் அகலமாக இருந்தால் துணி உள்ளே இறங்கி மையை வழித்துவிடும். எனவே செதுக்குபவரால் ஒரு பெரிய கரும்பட்டையை அப்படியே குடைந்து வைக்க முடியாது. கறுப்பு வேண்டுமா? நெருக்கமாகப் பல கோடுகள் இழுக்க வேண்டும். இன்னும் கறுப்பா? குறுக்கே இன்னொரு அடுக்கு. பழைய பணநோட்டுகளிலும் தபால்தலைகளிலும் ராஜாவின் கன்னம், கோட்டு, பின்னால் உள்ள வானம் எல்லாம் கோடு கோடாக இருப்பதை நாம் ஒரு கலைப் பாணி என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் அடியில் இருப்பது துணிக்கும் மைக்கும் நடக்கும் இயற்பியல்.

அடுத்தது அழுத்தம். பழைய முறையில் காகிதத்தை நனைத்து ஈரப்பதமாக்குவார்கள். செல்லுலோஸ் நார்களுக்கிடையே நீர் புகுந்து பிணைப்பைத் தளர்த்த, காகிதம் இளகும். கனமான உருளைக்கு அடியில் போகும்போது அது பள்ளங்களுக்குள் பிதுங்கி இறங்கி, மையைக் கவ்வி வெளியே இழுத்துவிடும். காகிதத்தில் மை படிவதில்லை, எழுந்து நிற்கிறது! லித்தோவில் மை எங்கும் ஒரே மெல்லிய படலம். செதுக்கு அச்சில் ஆழமான கோட்டில் தடித்த மை, மெல்லிய கோட்டில் சன்னமான மை. தடித்த படலம் ஒளியை அதிகம் விழுங்கும். அதனால் ஒரே நீல மை ஓரிடத்தில் கருநீலமாகவும் இன்னோரிடத்தில் வான்நீலமாகவும் தெரிகிறது.

ஈரக் காகிதத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. உலரும்போது சுருங்கும், அதுவும் நார் ஓடும் திசைக்கு ஏற்ப ஒரு பக்கம் கூடுதலாக. பழைய செதுக்கு அச்சுத் தபால்தலைகளில் படம் நடுவில் இல்லாமல் விலகியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரே தகட்டில் ஒரே படம் நூற்றுக்கணக்கில் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது ஜேக்கப் பெர்கின்ஸ் என்ற அமெரிக்கரின் வேலை. மென்மையான எஃகில் ஒரு படம் செதுக்கி, அதைக் கடினமாக்கி, மென்மையான எஃகு உருளையில் அழுத்தி, உருளையையும் கடினமாக்கி, அதைக் கொண்டு தகட்டில் வரிசையாக உருட்டிப் பதிப்பது. 1819இல் லண்டனுக்குப் போன அவர் தொடங்கிய நிறுவனம்தான் 1840இல் உலகின் முதல் ஒட்டுத் தபால்தலையான பென்னி பிளாக்கை, தாளுக்கு 240 வீதம், அச்சிட்டது.

இப்போது சோதனை. முதலில் ஒரு 50 ரிங்கிட் நோட்டை எடுங்கள். முதல் மாமன்னரின் உருவத்தின் மேல் நகத்தைக் குறுக்காக மெதுவாக ஓட்டுங்கள். ஒரு சொரசொரப்பு தெரியும். அதுதான் மை மேடு. உயரம் மைக்ரோமீட்டர் கணக்கில்தான் என்றாலும் விரலுக்கு அது பெரிய மலை. 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கங்களைக்கூட விரல் வேறுபடுத்துகிறது என்று காட்டினார்கள். பிளாஸ்டிக்கைச் சுருக்கி ஆட்களை விட்டுத் தடவிப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு இங்கே நிதி கேட்டால், "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் திரும்பி வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

லேபிளை நகத்தால் சுரண்ட வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைக் காகிதத்தோடு காகிதமாகப் படுக்க வைத்து அடியுங்கள். செதுக்கு அச்சென்றால் கோடுகளின் ஒரு பக்கம் சின்ன நிழல் விழும். இல்லையென்றால் சமையலறை அலுமினியத் தாளில் ஒரு துண்டை மேலே வைத்து விரல் நுனியால் மெதுவாகத் தேயுங்கள். தாளில் படம் எழுந்து வந்தால் ஏறத்தாழ முடிவு தெரிந்துவிட்டது.

கடைசியாகப் பத்து மடங்கு லென்ஸ். கோட்டின் முனையைப் பாருங்கள். உளி உலோகத்துக்குள் சாய்ந்து இறங்கிச் சாய்ந்தே வெளியேறுவதால் செதுக்கிய கோடு ஊசிபோல் கூர்ந்து முடியும். அமிலத்தால் அரித்த கோட்டின் முனை மழுங்கியிருக்கும். மேட்டு அச்சில் மை ஓரத்துக்குப் பிதுங்கி, விளிம்பு நடுவைவிடக் கறுத்திருக்கும். லித்தோவில் புள்ளிகளோ தட்டையான நிறமோ தெரியும். பயிற்சிக்கு நம் பக்கத்திலேயே நல்ல ஜோடி இருக்கிறது: கெடாவின் 1912 நெற்கதிர்க் கட்டுத் தபால்தலை செதுக்கு அச்சு, கூட்டு மலாய் மாநிலங்களின் பாயும் புலி மேட்டு அச்சு. இரண்டும் லண்டன் டி லா ரூ நிறுவனத்தில் அச்சானவை. லென்ஸுக்கு அடியில் பக்கத்துப் பக்கம் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

வாசகர் அனுப்பியதில் யானை போட்ட தேயிலை லேபிளைப் பெரிதாக்கினால் ஐந்தாறு நிறங்களில் புள்ளிகள். லித்தோ. லட்சுமி படமும் அப்படித்தான். அது மான்செஸ்டர் துணிக் கட்டுகளில் ஒட்டி வந்த வகையைச் சேர்ந்தது போலிருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். இந்த லட்சுமி லேபிள்களைப் பூஜையறையில் வைத்துச் சந்தனம் பூசுபவர்களை ஜார்ஜ் டவுனில் பார்த்திருக்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்ப்பது தெய்வக் குற்றம் என்பார்கள். பார்ப்பதால் லட்சுமிக்கு ஒன்றும் ஆகாது. ஈரச் சந்தனம்தான் பூஞ்சைக்கு விருந்து.

மூன்றாவது, ஒற்றை நிறத்தில் கப்பல். கடல் முழுக்க இணைகோடுகள், முனைகள் கூர்ந்து முடிகின்றன. படத்தை வைத்து இதற்குமேல் சொல்ல முடியாது, அலுமினியத் தாள்தான் பதில் சொல்ல வேண்டும். "பழுப்பேறியிருக்கிறதே, அதுவே சாட்சி" என்று கடைக்காரர் சொன்னாராம். பழுப்பு என்பது காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து மாறியதன் அடையாளம். அச்சு முறை பற்றி அது எதுவும் சொல்லாது. தேயிலைத் தண்ணீரில் நனைத்தாலும் பழுப்பு வரும்.

பினாங்கு ஈரத்தில் இவற்றைக் காப்பது தனி வேலை. பின்பக்கப் பசை ஈரத்தை உறிஞ்சி இளகி, அடுத்த லேபிளோடு ஒட்டிக்கொள்ளும். நடுவே அமிலமில்லாத தாள் வையுங்கள், டப்பாவில் சிலிக்கா ஜெல் பை போடுங்கள், நிறம் மாறினால் மாற்றுங்கள். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், சில பழைய சாயங்கள் கரைந்து ஓடிவிடும். சுருண்டிருக்கிறதே என்று இஸ்திரி போடவே போடாதீர்கள். சூடும் அழுத்தமும் மை மேட்டை நசுக்கிவிட்டால், அசல் செதுக்கு அச்சுகூட அலுமினியத் தாள் சோதனையில் லித்தோ மாதிரி தட்டையாகத்தான் நிற்கும்.