கடலில் எத்தனை மீன் இருக்கிறது என்று காசிமேட்டில் எப்படிக் கணக்கிடுவது?

வங்கக் கடலில் இன்றைக்கு எத்தனை கானாங்கெளுத்தி நீந்துகிறது என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த மீனை இதற்கு மேல் பிடித்தால் ஆபத்து என்று மீன்வள விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மான், முயல் வேட்டையெல்லாம் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது. மான் வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில், பொறுப்பான வேட்டைக்காரர் முதலில் வயலோரம் நடந்து பார்ப்பார். புழுக்கை எவ்வளவு கிடக்கிறது, செடிகள் எந்த உயரம் வரை கடிபட்டிருக்கின்றன என்று கவனித்து, அங்கே எத்தனை மான் இருக்கும் என்று மதிப்பிட்ட பிறகே துப்பாக்கியை எடுப்பார். நாம் இன்றும் பெரிய அளவில் வேட்டையாடுவது கடல் மீனை. அதற்கும் இந்த மதிப்பீடு வேண்டும். ஆனால் மீன் புழுக்கை போட்டுவிட்டுப் போவதில்லை. துறைமுகத்தில் வந்து இறங்கும் மீன்தான் நமக்குக் கிடைக்கும் தடயம்.

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கு வரும் எல்லாப் படகையும் நிறுத்தி எடை போடுவது நடக்காத காரியம். அதனால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் மாதிரி எடுக்கிறது. முன்கூட்டியே தேர்ந்தெடுத்த நாட்களில், கரை திரும்பும் படகுகளில் சிலவற்றை மட்டும் பார்ப்பார்கள். எந்த மீன் எவ்வளவு, எத்தனை மணி நேரம் வலை இழுத்தார்கள் என்று குறித்துக்கொண்டு, அதைப் பெருக்கி மொத்தத்துக்கு வருவார்கள். இதில் கவனம் வேண்டிய இடம் படகைத் தேர்ந்தெடுப்பது. நல்ல பாடு, அதாவது நிறைய மீன், வந்த படகைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். கணக்கெடுப்பவரும் அங்கேயே போய் நின்றால் கணக்கு கெட்டுப்போகும்.

மொத்த எடை மட்டும் தெரிந்தால் போதாது, உழைப்பும் தெரிய வேண்டும். போன வருடம் ஒரு மணி நேர இழுப்பில் 40 கிலோ, இந்த வருடம் 20 கிலோ என்றால் கடலில் மீன் குறைந்திருக்கலாம். ஆனால் 40 கிலோ அப்படியே இருக்கிறது என்றால் மீனும் அப்படியே இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. எஞ்சின் பெரிதாகிவிட்டது, மீன் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் எதிரொலிக் கருவி வந்துவிட்டது, தங்குகடலுக்குப் போகிறவர்கள் நாள்கணக்கில் தேடித் திரிகிறார்கள். மீன் குறையக் குறையத் தேடும் திறமை கூடிக்கொண்டே போனால் பாடு குறையாதது போலத்தான் தெரியும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீனுக்கு இதுதான் நடந்தது. மிஞ்சிய மீன்கள் ஒரே இடத்தில் திரண்டன, பெரிய படகுகள் நேராக அங்கே போயின, 1980-களில் பாடு நன்றாகவே இருந்தது. 1992-இல் அரசு காட் பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது. 30 ஆண்டுகள் தாண்டியும் பழைய வளம் திரும்பவில்லை.

நம் ஊரில் மீன்பிடித் தடைக்காலம் ஒரு நல்ல சோதனையாக அமைந்திருக்கிறது. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017 முதல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தடை முடிந்த முதல் நாட்களில் மீன் வந்து குவியும். "கடல் தேறிவிட்டது" என்று செய்தி வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு மாதம் சேர்ந்து வளர்ந்த மீன் ஒரே மூச்சில் கிடைக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். முதல் நாட்களில் மணிக்கு 100 கிலோ கிடைத்தது, எல்லாப் படகும் சேர்ந்து 20 டன் எடுத்த பிறகு 80 கிலோதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டன் போனதும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அப்படியானால் தொடக்கத்தில் இருந்தது சுமார் 100 டன். மீன் வெளியிலிருந்து வராமலும் வெளியே போகாமலும் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. அதனால் ஓரிடத்திலேயே வாழும் இனங்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

அப்புறம் மீனின் நீளத்தை அளக்கும் அளவுப் பலகை. குளிர்நாட்டு மீன்களின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும், வயதை எண்ணிவிடலாம். நம் கடலில் குளிர்காலமே இல்லை, அந்த வளையம் தெளிவாக விழுவதில்லை. எனவே நீளத்தை அளக்கிறார்கள். ஜூலையில் 8 செ.மீ. மீன்கள் நிறைய வந்து, செப்டம்பரில் அந்தக் குவியல் 12 செ.மீ.க்கு நகர்ந்திருந்தால், அது ஒரே தலைமுறை வளர்ந்த வேகம். நீளம் கூடக்கூட எண்ணிக்கை எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பதிலிருந்து சாவு விகிதம் தெரியும். மொத்தச் சாவில் வலையின் பங்கு பாதியைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. நெத்திலி போன்ற சிறு மீன்களுக்கு அந்தப் பாதியே அதிகம், பெரிய மீன்களும் அவற்றைத் தின்றுதானே வாழ்கின்றன.

எல்லாக் குறைவுக்கும் வலை காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடலில் முட்டையிலிருந்து வெளிவரும் இறால் குஞ்சு எண்ணூர் கழிமுகம் வழியாக உள்ளே வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தால், 2023 டிசம்பரில் நடந்ததுபோல எண்ணெய் பரவினால், கடலில் ஒரு வலைகூட விழாமலே இறால் குறையலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஏலத்துக்கு வராத அந்தக் குவியல்தான். இழுவைமடியில், அதாவது இழுவை வலையில், சிக்கும் சின்னஞ்சிறு மீன்கள் இனம் பிரிக்கப்படாமல் கழிவு மீனாகத் தீவன ஆலைகளுக்குப் போகின்றன. அவற்றில் ஒருமுறைகூட முட்டையிடாத வஞ்சிரக் குஞ்சும் சங்கரா குஞ்சும் இருக்கலாம். கணக்கெடுப்பவர் அந்தக் குவியலைக் கிளறிப் பிரித்து அளக்காவிட்டால், கணக்கைப் பொறுத்தவரை அவை பிறக்கவே இல்லை. இழுவை வலையின் கடைமடியில், அதாவது மீன் சேரும் கடைசிப் பையில், கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையாத சதுரமாக இருக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டு விதி. சாய்சதுரக் கண்ணி இழுக்க இழுக்க இறுகி மூடிக்கொள்ளும். சதுரக் கண்ணி இழுக்கும்போதும் திறந்திருக்கும், குஞ்சு நழுவிவிடும். விதி கடலில் நடக்கிறதா என்று அறியப் படகில் ஏற வேண்டியதில்லை. கழிவுக் குவியலில் ஒரு கூடையை எடுத்து நீளம் அளந்தால், சிறிய அளவுகள் மாதாமாதம் குறைகின்றனவா இல்லையா என்று தெரிந்துவிடும்.