புது எஸ்யூவியை மலையேற்றிப் பார்த்து வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வண்டி வாங்கப்போகும் குடும்பங்களுக்கு அதைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். புதிதாக வடிவம் மாற்றி வந்த எஸ்யூவி என்றால் எல்லோர் கண்ணும் முகப்பு விளக்கிலும் பெரிய திரையிலும்தான். தனியாளாக ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு ஏழு பேரும் சாமானுமாகக் கிளம்பும்போதுதான் வண்டி திணறுவது தெரிகிறது.

டர்பன் கடலோரம், ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். 77 கிலோவாட் என்று போட்டிருந்தால் அங்கே 64, 65தான் கிடைக்கும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதால் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். பக்கத்து பிராஸ்பெக்டனில் தயாராகும் டொயோட்டா ஃபார்ச்சூனர் 2.8 டீசலுக்கு 150 கிலோவாட், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை (டார்க்). சுமையோடு மலையேற நான் பார்ப்பது இழுவிசையைத்தான். அது எவ்வளவு குறைந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் சுழலும் வேகத்தில்) கிடைக்கிறது என்பதையும் கேளுங்கள். பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். 60-லிருந்து 80-க்குப் போக எஞ்சின் அலறுகிறதா, கியர் நிலைகொள்ளாமல் மாறி மாறி விழுகிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். இறங்கும்போது தாழ்ந்த கியரில் வண்டி அடங்கி வருகிறதா என்பதும் முக்கியம்.

அடுத்தது பட்டன்கள். இதில் எனக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் ஹில்டன் பக்கம் மூடுபனி இறங்கினால், உள்ளே ஆட்கள் நிறைந்த வண்டியில் முன் கண்ணாடி சட்டென்று மங்கிவிடும். அதைத் தெளியவைக்கும் பட்டன் திரைக்குள் இரண்டு மெனு தள்ளி இருந்தால் என்ன செய்வது? 120 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கண்ணை எடுத்தால் வண்டி சுமார் 67 மீட்டர் போயிருக்கும். இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன், ஹசார்டு விளக்கு போன்றவற்றுக்குத் தனிப் பட்டனோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று வண்டிகளின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் விதி வைத்திருக்கிறது. நிறுத்திய வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். ஹசார்டு, ஏசி, முன் கண்ணாடியைத் தெளியவைக்கும் பட்டன்கள் கைக்கு அகப்படாவிட்டால் அந்த வண்டி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சொகுசை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து எடை போட முடியாது. வீட்டுப் பாட்டியை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கைப்பிடி எட்டுகிறதா, படி உயரமா என்று அவர் சொல்வார். மூன்றாவது வரிசையில் நீங்களே கால்மணி நேரம் உட்காருங்கள். ஏசி காற்று வருகிறதா, பக்கவாட்டு ஏர்பேக் அதுவரை நீள்கிறதா? ஃபார்ச்சூனரில் அந்த சீட்டுகள் பக்கவாட்டில் மடிந்து டிக்கி இடத்தைத் தின்னும். ஃபோர்டு எவரெஸ்டில் தரையோடு படுத்துவிடும். இருபது அங்குல ரிம் அழகுதான். ஆனால் டயரின் பக்கச்சுவர் மெலிவதால் குழியில் விழும் அடி நேராக முதுகுக்கு வரும். சின்ன ரிம் உள்ள மாடலையும் ஓட்டிப் பாருங்கள்.

ஏழு பேரை ஏற்றி ஓட்ட டீலர் சம்மதிக்கவில்லையா? சரி, அடுத்த டீலரிடம் போங்கள்.