பனைமரமும் சீட் பெல்ட்டும்

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். 2011 மாடல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஏசி குளிர்கிறது, சீட் பெல்ட் மட்டும் கழற்றினால் உள்ளே போக மாட்டேன் என்கிறது. தொளதொளவென்று மடியில் கிடக்கிறது. கவனிக்காமல் கதவைச் சாத்தினால் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. மெக்கானிக் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் செத்துட்டு அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் செட்டோட மாத்திருவோம்" என்றாராம். உண்மையிலேயே ஸ்பிரிங் சாகுமா என்பது இவர் கேள்வி.

சாகும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி அது இல்லை.

1959-இல் வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். தானாகச் சுருட்டிக்கொள்ளும் உருளை அதில் பிற்பாடுதான் சேர்ந்தது. கதவுத் தூணின் அடியில் இருக்கும் அந்த உருளைக்குள், பழைய சாவி கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு தட்டைச் சுருள்வில். பெல்ட்டை இழுத்தால் அது முறுக்கேறும், விட்டால் திருப்பிச் சுருட்டும். திடீர் பிரேக்கில் பூட்டிக்கொள்வது வேறு ஏற்பாடு. சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் இரும்புக் குண்டு உருண்டு ஒரு கொக்கியைத் தூக்கிவிடும். அதன் கதை இன்னொரு நாளைக்கு.

பெல்ட் அடியிலிருந்து மேலே ஏறி, தோளுக்கு மேலிருக்கும் வளையத்துக்குள் நுழைந்து, மடங்கி நம் மார்பு மேல் இறங்குகிறது. விஷயமே இந்த வளையத்தில்தான்.

முரட்டுக் காளையைக் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைக் கையில் பிடித்து மல்லுக்கட்ட மாட்டார்கள். பனைமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கயிற்றுக்கும் மரத்துக்கும் உராய்வுக் கெழு (இரண்டும் எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்று சொல்லும் எண்; வழுக்கினால் குறையும்) 0.3 என்று வைத்துக்கொண்டால், இந்தப் பக்கம் 1 கிலோ இழுப்பு அந்தப் பக்கம் 43 கிலோ இழுப்பைத் தாங்கும். மூன்றாவது சுற்றும் போட்டால் 285 கிலோ! கயிறு வளைந்து போகும் ஒவ்வொரு துளியிலும் மரத்தை அழுத்துகிறது. அழுத்தத்துக்கு ஏற்றபடி உராய்வு. மிச்சமிருக்கும் இழுப்பில் அடுத்த துளி அதே பங்கைப் பிடித்துக்கொள்கிறது. வட்டிக்கு வட்டி போடுகிற அதே கணக்கு. கணித மேதை ஆய்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சமன்பாடு இது. மரம் பருமனா ஒல்லியா என்பதற்கு அதில் இடமே இல்லை. எத்தனை டிகிரி சுற்றியிருக்கிறது, எவ்வளவு வழுக்குகிறது, இவ்வளவுதான். முதல்முறை படித்தபோது நான் நம்பவில்லை. மாடிப்படிக் கம்பியில் வாளியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன்.

இப்போது காருக்கு வருவோம். வளையத்தில் பெல்ட் 150 டிகிரி வளைகிறது, ஸ்பிரிங் 400 கிராம் இழுப்பு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். (உடம்பை உறுத்தக் கூடாது என்பதற்காக ஸ்பிரிங்கை மெலிதாகத்தான் வைப்பார்கள்.) வளையம் சுத்தமாக இருந்து கெழு 0.2 என்றால், நம் பக்கத்துக்கு 237 கிராம் இழுப்பு வந்து சேரும். அழுக்கேறி 0.4 ஆகிவிட்டால் 140 கிராம்தான். பக்கிளில் மாட்டும் இரும்பு நாக்கையும் தூக்கிக்கொண்டு பெல்ட் மேலேற வேண்டும். கடைசி ஒரு சாண் இன்னும் மோசம்: அதற்குள் ஸ்பிரிங்கின் முறுக்கும் குறைந்திருக்கும், பெல்ட் சுற்றிச் சுற்றி உருளையும் பருத்திருக்கும். பருத்தால் அதே முறுக்குக்கு இழுப்பு குறைவு.

இதிலேயே நோய் கண்டுபிடிக்கும் வழியும் இருக்கிறது. உராய்வு இரண்டு திசையிலும் தடுக்கும். சுத்தமான வளையத்தில் பெல்ட்டை வெளியே இழுக்க 675 கிராம் போதும் என்றால், அழுக்கு வளையத்தில் 1,140 கிராம் வேண்டும். எனவே இழுக்கவும் கனமாக இருந்து, விட்டாலும் மெதுவாகப் போனால் வளையம். இழுக்க லேசாக இருந்து, விட்டால் போகாவிட்டால் ஸ்பிரிங். இன்னொரு சோதனை: பெல்ட்டைக் கையால் தூக்கி வளையத்துக்கு ஊட்டிவிடுங்கள். சர்ரென்று உள்ளே போனால் ஸ்பிரிங் உயிரோடுதான் இருக்கிறது.

ஆசிரியரின் கார் வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பிளாஸ்டிக்கில் பெல்ட் உரசும் இடத்தில் மெழுகுபோல ஒரு கறுப்புப் பட்டை. வேர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், ஆடிக் காற்றில் ஜன்னல் வழியே வந்த செம்மண் தூசி எல்லாம் சேர்ந்த பசை. ஓரத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. போதாததற்குப் பழைய சொந்தக்காரர் திருஷ்டிக்கென்று கட்டிய கறுப்புக் கயிறு, முடிச்சு சரியாகப் பெல்ட் போகும் வழியில்! கயிறு கட்டுவது அவரவர் விருப்பம், கண்ணாடியில் கட்டிக்கொள்ளட்டும். உயிர் காக்கிற ஒரே கயிற்றை இன்னொரு கயிற்றால் தடுப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, உள்ளே ஓடாமல் கெட்டியான கிளிப் போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். வளையத்துக்குள் ஈரத்துணியை நுழைத்து, முதுகு தேய்ப்பதுபோல இழுத்து இழுத்துத் துடையுங்கள். ஓர் இரவு நிழலில் காய்ந்த பிறகே கிளிப்பை எடுக்க வேண்டும். பிளீச்சிங், பெட்ரோல் வேண்டாம், நூல் பலவீனமாகிவிடும். தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கும், அடுத்த மாதம் இரண்டு மடங்கு தூசி பிடிக்கும். உருளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். சுருள்வில் தெறிக்கும், விபத்தின்போது பெல்ட்டை இறுக்குவதற்கென்று வெடிமருந்து வைத்த மாடல்களும் உண்டு.

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள் என்று நமக்கெல்லாம் பெருமை, எனக்கும்தான். அதில் தூசி அளவு பணம் உள்ளூர்க் கல்லூரிகளுக்கு வந்து, நம் ஊர் மண்ணும் வேர்வையும் பெல்ட் நூலை என்ன செய்கின்றன என்று யாராவது அளந்து சொன்னால் இன்னும் பெருமைப்படுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். முன்பக்கம் இரண்டும் சரியாகிவிட்டன. துடைத்த வெள்ளை வேட்டித் துணி கரித்துணி ஆகிவிட்டதாம். பின் சீட்டில் இடதுபக்கப் பெல்ட் மட்டும் இன்னும் போகவில்லை. "இழுக்க எப்படி இருக்கு?" என்றேன். "வெண்ணெய் மாதிரி வருது சார்" என்றார். அதை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டேன்.